எண்ணெய் செய்த வேலை

அப்பாவுக்கு உங்கள் மகளின் வணக்கம். முட்டி வலி தேவலையா? மாத்திரையை நீங்களாகவே பாதியாகக் குறைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் சௌக்கியம்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. வெயிலை வைத்துக் கரியமில வாயுவை எரிவாயுவாக மாற்றுவதுதானே என் வேலை? வெயில் என்று பேர்தான். ஜன்னலில்லாத அறையில் ஒரு பெரிய விளக்கு, அவ்வளவுதான். போன வாரம் அந்த விளக்கடியில் எரிவாயு நிஜமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி கேக் வாங்கி வந்தாள். பேராசிரியர் மட்டும், "கரியமில வாயுவை நிறுத்திட்டு ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா" என்றார். ஓட்டினேன். அப்போதும் எரிவாயு வந்தது. அப்படியென்றால் அது வேறு எதிலிருந்தோ வருகிறது.

தேடிப் பார்த்தால், தலைக்குத் தடவ நீங்கள் காய்ச்சி அனுப்பிய எண்ணெய். கையுறையோடு முடியை ஒதுக்கிவிட்டு அதே கையால் விளக்கடியில் வைக்கும் கண்ணாடித் தட்டைத் தொட்டிருக்கிறேன். விளக்கு வெளிச்சம் அந்த எண்ணெயைச் சிதைத்து வாயுவாக்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும், பரவாயில்லை.

இப்போது தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. தலையணை உறையைக்கூடத் துவைத்துவிட்டேன். அறையில் சோப்பு வாசனைதான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பருத்தித் துண்டும் ஊசி நூலும் கொடுத்தனுப்புங்கள். விளக்கை அணைக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

எண்ணெயும் ஒரு பாட்டில் வையுங்கள் அப்பா. தலைக்குத் தடவ மாட்டேன். சாப்பிட உட்காரும்போது மூடியைத் திறந்து எதிரே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்