மேசையில் விடாத புத்தகங்கள்

ஜூன் 9, திங்கள்
வெயில். ஆம்பூரிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்தேன். முழங்கால் வலி.
பல்கலைக்கழக நூலகத்தில் தோல் வேதியியல் அலமாரியைச் சுற்றிச் சிவப்பு நாடா. உதவியாளர் குமரேசனைக் கேட்டேன்.
"அட்மிஷன் கம்மி பாய். லைப்ரரி பணத்தைப் பாதியா வெட்டிட்டாங்க. இருக்கிறது ஆன்லைன் சந்தாவுக்கே சரியா போவுது. யாரும் தொடாத புக்கெல்லாம் எடைக்கு."
"ஆன்லைன்ல நான் படிக்கலாமா?"
"ஸ்டூடண்ட்டுக்கும் சாருங்களுக்கும்தான் லாகின். வெளியாளுக்கு இல்ல."
பதினேழு வருடமாக வாசகர் அட்டை வைத்திருக்கும் வெளியாள்.

ஜூன் 10, செவ்வாய்
எட்டாவதோடு தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போனவன் நான். குரோம் உப்பில் ஊறிய தோல் ஏன் நீலமாகிறது என்று கேட்டால் மேஸ்திரி சிரிப்பார். பதில் அந்த அலமாரியில் இருந்தது. இனி எங்கே போய்ப் படிப்பது?
மனைவி: "போனா போவுது. கண்ணாவது மிஞ்சும்."
நாளைக்கு: வாசகர் அட்டை, குறிப்பு நோட்டுகள், பிரஷர் மாத்திரை.

ஜூன் 11, புதன்
நூலகர் வசந்தி மேடம் கணினியைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு வருஷமா இதுல ஒரு புக்கும் யாரும் படிக்கல பாய்."
"நான் தினம் படிக்கிறேன்."
"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா பதிவாகும். இங்கயே படிச்சா, மேசையில விட்டுட்டுப் போறத சாயந்திரம் ஸ்கேன் பண்ணுவோம். நீங்க விட்டீங்களா?"
வெளியாளுக்கு இரவல் கிடையாது. மேசையில் நான் ஒருநாளும் விட்டதில்லை. 'படித்ததை மேசையிலேயே விடவும்' என்ற பலகை சோம்பேறிகளுக்கானது என்று நினைத்தேன். டேனரியில் தோல் தரம் பிரித்தவன். எடுத்த அடுக்கிலேயே வைத்துப் பழகிய கை. மேசையிலேயே விடச் சொல்லி குமரேசன் எத்தனையோ தடவை சொன்னான். அவனைத்தான் திட்டினேன்.
என் கையாலேயே எடைக்கு அனுப்பிவிட்டேன்.
"வெள்ளிக்கிழமை காலையில எடைக்கடை வண்டி வருது. அதுக்குள்ள ஸ்கேன் ஆன புக்கு எடைக்குப் போற லிஸ்ட்லேருந்து போயிடும். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஜூன் 12, வியாழன்
ஒன்பதுக்கே உள்ளே. மொத்தம் 153 தொகுதிகள்.
குமரேசன்: "சும்மா எடுத்து அடுக்குங்க பாய். யாரு கேக்கப் போறா?"
"நான் கேப்பேன்டா."
படிக்காததைப் படித்ததாகக் காட்ட மாட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாவது. எழுத்து அலைகிறது, மனம் பக்கத்தில் நிற்கவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து.
மதியம் சாப்பிடவில்லை. மாலை மணி அடித்தபோது 41. குமரேசன் ஸ்கேன் செய்தான். மீதி 112.
"இன்னா பாய் இது. ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கலாம்."
அவன் சொல்வது சரிதானோ என்ற பயம்.

ஜூன் 13, வெள்ளி
முதல் பேருந்து. தூறல். நூலக வாசலில் எடைக்கடை வண்டி எனக்கு முன்பே வந்து நிற்கிறது. டிரைவரைக் காணோம். தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறது. மழைக்காகவா, நேற்று ராத்திரியே மீதி 112-ஐயும் ஏற்றிவிட்டார்களா? முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்கவில்லை.
கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம்.