பழைய பாறை மேலே

தூத்துக்குடி,
12.1.2025

அன்புள்ள செல்விக்கு,

நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்று கை வரவில்லை. நீயும் உன் பேராசிரியரும் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையின் நகலைப் படித்தேன். “மாதிரி சேகரித்தவர் பைகளைத் தலைகீழாக எண்ணிட்டிருந்தார், பிழை திருத்தப்பட்டது” என்று இருக்கிறது. சேகரித்தவள் நான். கடைசிப் பக்கத்தில் நன்றி வேறு: “கள உதவி: ஹில்டா.”

அந்தமான் மலையில் ஏறி ஐந்து அடுக்கிலும் கல் உடைத்தவள் நான். கால் சுளுக்கி அடிவாரத்தில் உட்கார்ந்து, நான் கத்திய எண்களை எழுதியவள் நீ. “ஏளா, சந்தையில மீனா விக்குத? மெதுவாக் கத்து” என்று சிரித்தாயே!

கல்லுக்குள் இருந்த கடலுயிர்க் கூடுகளை வைத்து வயது பார்த்தால் உச்சிப் பாறைதான் பழையது. அப்படித்தான் இருக்கும். வங்கக் கடலின் தரை அங்கே நிலத்துக்கு அடியில் அமிழ்கிறது. அமிழும்போது அதன் மேல்தோல் சீவப்பட்டு நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் துண்டு முன்னதன் அடியில் நுழைந்து அதை மேலே தூக்குகிறது. உன் சாரோ அது பழையது அடியிலும் புதியது மேலேயுமாகச் சாதாரணமாகப் படிந்த மலை என்று இருபது வருடமாய் எழுதி வருகிறார். அவர் சொன்னது நிற்க வேண்டும் என்பதற்காக நான் எண்ணத் தெரியாதவளா?

கோபத்தோடும் அன்போடும்,
ஹில்டா


சென்னை,
20.1.2025

அன்பு ஹில்டா,

உன் கோபம் நியாயம்தான். துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சார், “அந்தப் பொண்ணு பையை மாத்திட்டா, என்ன செல்வி?” என்றார். தலையை ஆட்டிவிட்டேன். மார்ச்சில் என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்பா வயலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம் மவ டாக்டர் ஆவப் போறா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீதான் கல்லை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்டாயே, உனக்கு இதில் என்ன நட்டம்? கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் உன் பெயரை இரண்டாவதாகப் போட சாரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இத்துடன் உள்ள ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு அனுப்பு.

உன் செல்வி


தூத்துக்குடி,
27.1.2025

செல்வி,

கல்லை நான் விடவில்லை. அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதால் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கிடைத்த வேலையை ஏற்றேன். போன வாரம் கண்டெய்னர் எண்ணைத் தப்பாக எழுதினேன் என்று மேனேஜர் இனிகோ அண்ணாச்சி கத்தினார். கண்டெய்னரோடு வந்த சீட்டைக் காட்டினேன். எல்லார் முன்னாலும், “நாந்தாம்ளா தப்பாப் பாத்துட்டேன்” என்றார். அவர் படித்தது பத்தாம் வகுப்பு.

என் பெயர் இரண்டாவதாக வந்தால் பொய்யும் என் பெயரில் வரும். உன் தாளைக் கிழித்துவிட்டேன். பைகள் மாறவில்லை, எண்களை எழுதிய ஆள் இருக்கிறார் என்று இதழின் ஆசிரியர் குழுவுக்கு இன்று எழுதிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. யார் என்று உங்களிடம் கேட்பார்கள். தலையை ஆட்டுவதோ வாயைத் திறப்பதோ உன் பாடு.

ஹில்டா


சென்னை,
3.3.2025

ஹில்டா,

கேட்டார்கள். “எழுதியது நான். பை எதுவும் மாறவில்லை” என்று பதில் அனுப்பினேன். கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். சார் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் ஆய்வேடு அடுத்த வருடமாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ செய்தது சரி. அதற்காக உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். அதுவரை எழுதாதே.

சந்தனச்செல்வி