தீபாவளி முறுக்கும் அத்தையின் வயிறும்

என்னை 'ஏட்டி' என்று உரிமையோடு கூப்பிட்ட என் அத்தைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நல்ல செய்தி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆனால் இப்போது உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டே திட்டினால் பார்க்கிறவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம் அத்தை. உள்ளே கட்டிகள். மாதத்தில் பாதி நாள் உதிரம். இந்தப் புனே ஹிஞ்சேவாடி டிராபிக்கில் கம்பெனி கேப் நகராமல் நிற்கும்போது, சீட்டில் கறை பட்டிருக்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாத்திரை சாப்பிட்டாயிற்று, உள்ளே கருவி வைத்தும் பார்த்தாயிற்று. போன மாதம் ஆபீஸ் மாடிப்படியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இனி தள்ளிப் போட முடியாது என்பது எனக்கே தெரியும்.

கோபம் ஆபரேஷன் மேல் இல்லை. கேளுங்கள்.

முதலில் போய்ப் பார்த்த டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை. உங்கள் பிள்ளையைப் பார்த்து, "ஃபேமிலி கம்ப்ளீட் ஹை நா? தோ சப் நிகால் தேதே ஹைன்" என்றார். எல்லாவற்றையும் எடுத்துவிடலாமாம். பக்கத்தில் நின்ற நர்ஸ், "பிஷ்வி காட்லி கீ டென்ஷன் நாஹீ" என்று மராட்டியில் ஆறுதல் சொன்னாள். பையை எடுத்துவிட்டால் கவலை இல்லையாம். மண்டியில் காய்காரன் "பிஷ்வி ஆஹே கா?" என்று கேட்பானே, அதே பிஷ்வி! நான், "எல்லாம் என்றால் என்னென்ன?" என்று கேட்டேன். "மேடம் நெட்டில் ரொம்பப் படிக்கிறாங்க போல" என்று அவர் மறுபடியும் உங்கள் பிள்ளையிடம்தான் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அங்கேயே இவர் காலை மிதித்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைத்தான் கண்டித்திருப்பீர்கள்.

நான் விடவில்லை. வேறொரு பெண் டாக்டரைத் தேடிப் போனேன். மராட்டிக்காரி, என் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு அதன் வாயை விட்டு வைக்கலாம். அப்போது வாய்க்கு வழக்கமான சோதனையைத் தொடர வேண்டும், சிலருக்கு மாதாமாதம் கொஞ்சம் கறையும் படும். வாயோடு சேர்த்தும் எடுக்கலாம். சினைப்பைகள் தனிக் கணக்கு. அவை நன்றாக இருந்தால் என் வயதில் விட்டு வைப்பதுதான் பெரும்பாலும் நல்லது என்றார். இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நிற்கிற வயது நாளைக் காலையிலேயே வந்துவிடுமாம். உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும், எலும்பு தேயும். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஆப்கோ க்யா ரக்னா ஹை?" எதை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று.

அந்த நிமிஷம் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது அத்தை. நீங்கள் அப்போது குடியிருந்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸில், ஜனவரிக் குளிரில், ஃபேனைப் போட்டுக்கொண்டு வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பீர்களாமே? "அம்மாவுக்கு அப்பல்லாம் சுள்ளுன்னு கோவம் வரும், நாங்க பக்கத்துலயே போக மாட்டோம்" என்று உங்கள் பிள்ளை கதையாகச் சொல்வார். முப்பத்தொன்பது வயதில் இதே ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு ஏன் அப்படி என்று ஒருத்தராவது யோசித்தார்களா? அறுபத்தெட்டு வயதில் குளியலறையில் லேசாக வழுக்கினதற்கு உங்கள் இடுப்பெலும்பு ஏன் அப்படி நொறுங்கியது? அதனால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதானே?

இனிதான் முக்கியமான விஷயம். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கம் வர மாட்டேன் என்று சொன்னேன். மாமா உடனே ஆரம்பித்துவிட்டார்.

"ஆறு வாரமா? ஒங்க அத்தை என்ன பண்ணுனா தெரியுமா? தையல் பிரிச்ச கையோட தீபாவளிக்கு அடுப்பு முன்னால உக்காந்து குவார்ட்டர்ஸ் முழுக்க முறுக்கு பிழிஞ்சு குடுத்தா. ஒரு முனகல் உண்டா? மூச்!"

"ஆமா செல்வி, நான் எட்டாங்கிளாஸ். டப்பா டப்பாவா தின்னோம்" என்றார் உங்கள் பிள்ளை.

இந்தக் கதையை இருபது தீபாவளிக்குக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பீர்கள். நானும் எவ்வளவு தெம்பான மனுஷி என்று பெருமைப்பட்டிருக்கிறேன். எலும்பு முறிந்து நீங்கள் படுக்கையில் கிடந்தபோது, உடம்பு துடைத்துவிட்ட அன்றைக்குத்தான் அந்த வயிற்றைப் பார்த்தேன். தழும்புக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. பதறிப் போய் என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி, அந்த முறுக்கு பிழிஞ்சதுல வந்தது. அச்சை வயித்துல முட்டுக் குடுத்துல்லா அமுக்கணும்? படக்குன்னு உள்ள என்னமோ விட்டுச்சு" என்றீர்கள். முப்பது வருஷம் அதை ஒரு பழைய துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள்!

அன்று சாப்பிடும்போது மாமாவிடம் இதை நான் போட்டு உடைத்துவிட்டேன். உங்கள் ரகசியம்தான், ஆனால் அதை வைத்து என்னை அடித்தால் எத்தனை நேரம்தான் சும்மா இருப்பேன்? "அத்தைக்கு அன்னைக்கு உள்தையல் விட்டுப் போச்சு மாமா. கொடல் எறங்கி நின்னுச்சு. சாகுற வரைக்கும் துணி கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. அவங்களுக்கு ஓவரியையும் எடுத்தாங்களா, இல்லையா? அதாவது தெரியுமா ஒங்களுக்கு?"

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? எல்லாத்தையும் எடுக்கணும்னாரு டாக்டர். நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வயித்துல வாயுன்னுல்லா எங்கிட்ட சொன்னா" என்றார்.

வாயுவா அத்தை? கட்டின புருஷனிடம் வாயு என்று சொன்னீர்களா? கடையில் ஓமத்திரவம் வாங்கிக் கொடுத்திருப்பார், நீங்களும் வாங்கிக் குடித்திருப்பீர்கள். ஏன் அத்தை? யாருக்குப் பயந்தீர்கள்? மாமா கெட்டவர் இல்லை. சொல்லியிருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார். கெட்டிக்காரி என்ற பேர் போய்விடும் என்று நினைத்தீர்களா? அந்தப் பேர் இருக்கிறதே, அது உங்களோடு போகவில்லை. இந்த வீட்டில் எனக்கு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. நாளைக்கு என் மகள் நிலா முன்னாலும் நிற்கும். என்னைப் பெற்ற அம்மாவைவிட நான் அதிகமாகப் பேசிப் பழகியது உங்களிடம்தான். அதனால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது.

அன்றைக்குப் பிறகு வீட்டில் யாரும் முறுக்கைப் பற்றிப் பேசுவதில்லை. மாமா மறுநாள், "இந்தத் தடவ பலகாரம் கடையில வாங்கிக்கிடுவோம்" என்றார். பலகாரமா இப்போது பிரச்சினை? இருந்தாலும் பாவம், அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். உங்கள் பிள்ளை மட்டும் நான் சொல்லாமலே குக்கரை வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். சாதம் குழைகிறது. குழையட்டும்.

முடிவு எடுத்துவிட்டேன். கர்ப்பப்பையையும் அதன் வாயையும் கருக்குழாய்களையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். சினைப்பைகள் இருக்கும். சின்னத் துளைகள் வழியாகச் செய்வார்கள், முடியாவிட்டால்தான் வயிற்றைத் திறப்பார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வரலாமாம். வெளியே தையல் சின்னதாக இருக்கும், உள்ளே ஆற நாளாகும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். மெதுவாக நடக்க வேண்டும். கனம் தூக்கக் கூடாது, உங்கள் பிள்ளை தள்ளிப் படுக்க வேண்டும். லேசான கறை சில வாரம் இருக்கும். காய்ச்சலோ அதிக உதிரமோ வந்தால் உடனே ஓடி வரவேண்டும். காரணமில்லாமல் அழுகை வந்தாலும் வரும், அதையும் வந்து சொல்லுங்கள் என்றார். தேதி தீபாவளிக்கு முந்தின வாரம். வேண்டுமென்றேதான் அந்த வாரத்தைக் கேட்டு வாங்கினேன்.

நேற்று நிலா கேட்டாள். தமிழ் அவளுக்கு இன்னும் தடுக்கி விழுகிற தமிழ்தான். "அம்மா, ஆச்சி கிட்ட யாராச்சும் பூச்சா க்யா? வலிக்குதான்னு?"

யாரும் கேட்கவில்லை என்றேன். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு உங்களுக்காக நன்றாக அழுதேன். நீங்கள் போனபோதுகூட அப்படி அழவில்லை.

அத்தை, நான் உங்களை மாதிரி நல்ல பெயர் எடுக்கப் போவதில்லை. ஆபரேஷன் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த பிறகு, வலித்தால் வாயைத் திறந்து கத்துவேன். மாமா டி.வி. சத்தத்தைக் குறைக்கும்படி கத்துவேன். நிலா ஓடி வந்து பார்க்கட்டும், ஒரு பெண்ணுக்கு வலித்தால் எப்படி இருக்கும் என்று. இது உங்கள் மேல் சத்தியம்.

கோபம் தீராத, உங்களை விட்டால் வேறு அத்தை இல்லாத,
உங்கள் மூத்த மருமகள்
செல்வி
புனே