இப்பம் என்று சொன்னால் அமுக்க ஆளில்லை

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கேமராவை நான் எடுத்துக்கொண்டேன். கோபப்பட மாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான். தை மாதம் உங்கள் முதல் திதி வருகிறது. அதற்குள் வாத்துப் படம் ஒன்றை நானே எடுத்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் கேமராவைச் சென்னைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று அங்கே இருக்கும் மகனிடம் சொல்லியிருக்கிறேன். "தனியா குளத்தங்கரையில போயி நிக்காதீங்கம்மா" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தானே.

என்ன படம் என்று உங்களுக்குத் தெரியும். குளித்து முடித்த வாத்து தண்ணீர் மேல் எழும்பி நின்று சிறகடிக்குமே, அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் குனிந்திருப்பீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தலையை முக்கி முக்கி எடுக்கும், வாலை உதறும், கழுத்தை நிமிர்த்தும்.

"ஏளா, இப்பமா?"

"பொறுங்க அத்தான்... இப்பம்."

உங்கள் விரல் அமுக்கிவிடும். "நான் கேக்கேனோ இல்லையோ, வாத்து ஒன் பேச்சக் கேக்குதுளா" என்பீர்கள்.

பாளையங்கோட்டைக்கு வெளியே நாம் போகும் அதே குளத்துக்குத்தான் பஸ் ஏறிப் போனேன். எனக்கு நேர் எதிரே ஒரு புள்ளிமூக்கு வாத்து குளித்தது. கழுத்து நிமிர்ந்ததும் "இப்பம்" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். விரல் அசையவே இல்லை. அது சிறகடித்து, மடக்கிக்கொண்டு போன பிறகுதான் அமுக்கினேன். மறுநாளும் அப்படியே. வீட்டு வரவு செலவில் ஒரு பைசா தவறவிடாதவள் நான்; எடுத்த படமெல்லாம் வெறும் அலை.

மடைப் பக்கம் டீ விற்கிற அண்ணாச்சி, "யாருட்டம்மா சொல்லுதிய? சார்தான் இல்லைல்லா" என்றார். கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, டீயில் சீனியைக் கூடப் போட்டார். "வேணும்னா நான் சொல்லட்டா?"

சொன்னார். அவர் போட்ட சத்தத்தில் குளமே எழும்பிப் பறந்துவிட்டது.

"ஏரல் ஊருக் கொளத்துல கெடக்க வாத்தும் பறந்திருக்கும் அண்ணாச்சி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து இதை யாரிடம் சொல்ல?

வெள்ளிக்கிழமை, குளத்தங்கரையில் நின்று திருச்செந்தூர் இலை விபூதியை நெற்றியில் இட்டு, மிச்சத்தை வாயில் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டேன். பேசினால் பிரசாதம் சிந்திவிடும். வாத்து தலையை முக்கியது, வாலை உதறியது, கழுத்து நிமிர்ந்தது. நாக்கு எழவில்லை. விரல் அமுக்கிவிட்டது.

படம் கிடைத்துவிட்டது அத்தான். சிறகை விரித்து, நெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறது. ஒரு சிறகின் நுனி மட்டும் வெட்டுப்பட்டுப் போனது. நீங்கள் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லிக் காட்டுவீர்கள். கண்ணாடி போட்டு வைத்துவிட்டேன். கேமரா சென்னைக்குப் போகாது.

ஆனால் அன்றைக்குக் கரையில் இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் இல்லாமல் நாம் ஒரு படம் எடுத்ததில்லை. நீங்கள் எங்கேயோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை வைத்துக் காத்திருந்தால்? நான் சொல்லவே இல்லையே.

இனி வாயைத் திறந்துதான் எடுப்பேன். படம் தப்பினால் தப்பட்டும். உங்களுக்குக் கேட்கும்படி சொல்வேன்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி