பத்துப் பேருக்கே அலறும் லிஃப்ட்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் நலத்தையும் மருமகள் நலத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். போன வாரம் நீ போனில் ‘நல்லாத்தாம்ப்பா இருக்கேன், வேலைதான் கொஞ்சம் ஜாஸ்தி’ என்றாய். நீ குளிக்கப் போன நேரம் பார்த்து மருமகளிடம் கேட்டேன், அவளும் ‘நல்லாத்தான் மாமா இருக்காங்க, வேலைதான் கொஞ்சம் ஜாஸ்தி’ என்றாள். இரண்டு பேர் தனித்தனியாக உண்மை பேசினால் சொல் முன்னே பின்னே இருக்கும், வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால் அது பேசி வைத்துக்கொண்டது. இதைப் போனிலேயே கேட்டிருப்பேன், நீதான் பாதியில் ‘இன்னொரு போன் வருதுப்பா’ என்று கத்தரித்து விடுகிறாயே, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நடுவில் வெட்ட முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி, இல்லை நின்றுகொண்டே படி, அது இன்னும் நல்லது.

என் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. முன்பெல்லாம் வீடியோவில் வந்தால் சமையலறையிலிருந்து ஜன்னல் வரை நடந்துகொண்டே பேசுவாய், உன்னோடு வீடும் தெரியும். இப்போது நெற்றியும் இரண்டு கண்ணும்தான் தெரிகின்றன, போனை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டவன் மாதிரி மேலேயிருந்து காட்டுகிறாய். அம்மாவிடம் சொன்னால் ‘அவன் மூஞ்சிய காட்டுறதே பெரிசு, நீங்க துப்பறிய ஆரம்பிச்சிட்டீங்களா’ என்றாள். சரி என்று விட்டேன். பிறகு உன் சின்ன மாமா வேலை விஷயமாக உன் ஊருக்கு வந்து உன் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் போனானே, அவன் இங்கே வந்ததும் அம்மாவிடம் ‘அவனுக்கென்னக்கா, ராஜா மாதிரி இருக்கான்’ என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனான். ‘அத்தான், ஸ்டேஷன்ல அவனைத் தாண்டியே போயிட்டேன், அவன்தான் பின்னாலேருந்து கூப்பிட்டான், ஆள் அப்படி ஊதிப்போயிருக்கான்’ என்றான். அதுகூடப் பரவாயில்லை, பிறகு சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உன் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, ஏதோ அவசரச் செய்தி மாதிரி போனைப் பார்த்தாயாம். ‘போன்ல வெளிச்சமே இல்ல அத்தான், இருட்டுக் கண்ணாடியப் பாத்துக்கிட்டு மூச்சு வாங்கிட்டு நின்னான்’ என்றான். அம்மாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான், நான் அன்று மாலையே சொல்லிவிட்டேன், அவள் பிறகு சாப்பிடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பக்கத்து வீட்டு வாத்தியார் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார், வாங்கியவர்கள் யாரென்று ரொம்ப நாள் தெரியவில்லை, பகல் முழுவதும் கதவு சாத்தியே கிடக்கிறது, வாசலில் மட்டும் சாப்பாட்டுப் பொட்டலம் வந்து வந்து விழுகிறது. முதலில் ஏதோ திருட்டுத் தொழில் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலையாம், வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறார்களாம். அம்மா ஒருநாள் பேச்சுக்கொடுக்கப் போனாள், அந்தப் பெண் வாசலுக்கு வந்து நின்றதற்கே தலைசுற்றுகிறது என்றாளாம். வயது மருமகளைவிடக் குறைவுதான் இருக்கும்.

என் வேலைக்கு வருகிறேன். பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் என் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதில்தான் கூத்து. பதிமூன்று பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஆனால் பத்துப் பேர் ஏறியதும் எடை கூடிவிட்டது என்று மணி அலறுகிறது. மணி அடித்தால் கதவு மூடாது, யாராவது இறங்க வேண்டும். யார் இறங்குவது? கடைசியாக ஏறியவர் இறங்குவதுதான் நியாயம், ஆனால் அங்கே எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள், பிறகு ஓரக்கண்ணால் அவரவர் பக்கத்து ஆளின் வயிற்றைப் பார்ப்பார்கள். கணக்குப் பிரிவில் ஒரு பெண், ஊசிமாதிரி இருப்பாள், மானம் தாங்காமல் ஒவ்வொரு முறையும் அவள்தான் இறங்குவாள், இறங்கினாலும் மணி நிற்காது. கட்டட மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ‘எங்க ஆளுங்க எல்லாம் அப்படியேதான் இருக்காங்க, நீங்கதான் எதையோ திருகி வச்சிருக்கீங்க’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் என் கைப்பட்ட லிஃப்டைப் பற்றி ஒருவன் அப்படிச் சொன்னதில்லை.

நான் மேனேஜரைச் சந்தேகப்பட்டேன், அவர் வேறு கம்பெனிக்கு வேலையைக் கொடுக்க வழி பார்க்கிறாரோ என்று. அதனால் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று மெல்ல ஓடவிட்டுக் கவனித்தேன். உனக்குத் தெரியும், கூண்டுக்கு மேலே நின்றால் உள்ளே பேசுவது எல்லாம் வெண்கலப் பானைக்குள் பேசுவதுபோலக் கேட்கும். நான் கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை, காது அதுவாகக் கேட்டது. ஒருத்தன் மேலதிகாரியிடம் ‘முடிச்சிடுறேன் சார், முடிச்சிடுறேன் சார்’ என்று போனில் கெஞ்சிக்கொண்டே எதையோ மொறுமொறுவென்று மென்றான். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழுதாள், அழுகை முடியுமுன் சிரித்த குரலில் வேறொரு போனை எடுத்துப் பேசினாள். தூங்கி எத்தனை நாளாச்சு என்று இரண்டு பேர் போட்டிபோட்டுப் பெருமையடித்துக்கொண்டார்கள். எல்லோரும் எதையாவது தின்றுகொண்டுதான் பேசினார்கள், பசிக்குத் தின்கிற சத்தம் வேறு, பயத்துக்குத் தின்கிற சத்தம் வேறு, அது நகம் கடிப்பதுபோல விடாமல் வரும். ஒரு மாடி ஏறவும் லிஃப்ட்தான், ஒரு மாடி இறங்கவும் லிஃப்ட்தான். இதையெல்லாம் கேட்கக் கேட்க உன் ஞாபகம்தான் வந்தது.

இருந்தாலும் முதலில் லிஃப்டைத்தானே சோதிக்க வேண்டும். அதற்கு இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கிப் பார்ப்போம், ஒவ்வொன்றிலும் எடை முத்திரை குத்தியிருக்கும். எங்கள் செட்டில் மூன்று கட்டி எப்போதோ தொலைந்துபோனது, அதற்குப் பதிலாக நான் ஏறி நிற்பேன், அந்தக் காலத்தில் என் எடையும் மூன்று கட்டியும் அச்சாக ஒன்று. அதிலிருந்து எங்கள் ஆட்கள் கட்டியை அடுக்கிவிட்டு ‘அண்ணே, மிச்சத்துக்கு நீங்க ஏறுங்க’ என்பதே வழக்கமாகிவிட்டது. அன்றும் ஏறினேன், மணி அலறியது. இறங்கினேன், நின்றது. ஏறினேன், அலறியது. சென்சார் கெட்டுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். கழற்றி மாட்டினேன், அப்போதும் அலறியது. கட்டியில் முத்திரை தவறு என்றேன், தரையில் தண்ணீர் இறங்கிக் கனத்திருக்கிறது என்றேன், என் செருப்பைக்கூடக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தேன். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நின்றார். என்னோடு வேலை பார்க்கிற மீசைக்காரர் போய் வேறு வண்டியிலிருந்து மூன்று கட்டி தூக்கி வந்து நான் நின்ற இடத்தில் வைத்தார். சத்தமே இல்லை. லிஃப்ட் பூனைக்குட்டி மாதிரி மேலே போனது. ‘அண்ணே, சென்சார் நல்லாத்தான் இருக்கு’ என்றார், அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, அந்த மனுஷனுக்கு அந்த மரியாதை உண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ‘ஊர்ல உள்ளவனையெல்லாம் சந்தேகப்படுற மனுஷன், கண்ணாடிய மட்டும் நம்பிட்டீங்க’ என்றாள். பேன்ட் இறுகியபோது சலவைக்காரரைத் திட்டியிருக்கிறேன், பெல்ட் போதாமல் போனபோது தோல் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். நான் என்ன நாற்காலி வேலையா பார்க்கிறேன் என்ற நினைப்புதான் என்னை ஏமாற்றியது. முன்பு ஒவ்வொரு கட்டடத்திலும் மோட்டார் உச்சியில் இருக்கும், படியேறித்தான் போக வேண்டும். இப்போது எல்லாம் தரைத்தளத்தில் ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது, பட்டனைத் தட்டினால் என்ன கோளாறு என்று அதுவே சொல்கிறது. புகாரும் போனிலேயே வருகிறது, எடுக்காவிட்டால் சிவப்பாகி விட்டு விட்டுக் கத்துகிறது, வண்டியில் உட்கார்ந்தபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியது. ஓடுவது வண்டிதான், நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன். அந்தக் கட்டடத்து ஆட்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேனே, நானும் அதே கூண்டில்தான் ஏறியிருக்கிறேன் என்று தெரியாமல்.

மேனேஜர் மணியை மட்டும் அடைத்துவிடச் சொன்னார், ஆட்கள் மனம் நோகிறதாம். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது எட்டுப் பேர் என்று பலகையை மாற்றியிருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை அம்மா எழுத வேண்டாம் என்றாள். சென்ற மாதம் கூண்டின் மேல் நின்றபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன், பிடித்ததால் இதை எழுதுகிறேன். டாக்டர் இரத்தக் கொதிப்பு என்றார், சர்க்கரையும் வாசலில் வந்து நிற்கிறது என்றார், சரியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டார், நான் மகனைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க நானும் அம்மாவும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். யார் போனை எடுத்தாலும் ‘நல்லா இருக்கோம்ப்பா, வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று சொல்வதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் அச்சுப்பிசகாமல் அதையே சொல்லிவந்தோம், நீ ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டில் தயாரான சரக்கு என்பதால்தான் உன் வாயிலும் மருமகள் வாயிலும் அதைக் கேட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. நீ எதை மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, மூச்சு வாங்குவது மட்டும்தானா, நெஞ்சும் வலிக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறாயா, சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் இருக்கிறாயா. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது. உன் உடம்பு கனத்ததற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, சொல்லவும் மாட்டேன், சின்ன மாமாவையும் வாயை மூடச் சொல்லிவிட்டேன். எங்களுக்கு நீ எந்த அளவில் இருந்தாலும் போதும், இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வரும் மாதம் முதல் புதன்கிழமை எனக்கு இருதயப் பரிசோதனை, மார்பில் வயர் ஒட்டி ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவிடுவார்களாம். அதே புதன்கிழமை நீயும் உன் ஊரில் போக வேண்டும். இரத்தம், கொதிப்பு, நெஞ்சு எல்லாம் பார்க்கச் சொல். வேலை இருக்கிறது என்பாய், இருக்கட்டும், நீ கீழே விழுந்தால் அந்த வேலையை மறுநாளே வேறொருவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பான், மருமகளுக்கு வேறொருவன் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. உங்கள் நாட்டில் எங்களுக்கு முன்னாலேயே பொழுது விடிகிறது, ஆகவே உன் பரிசோதனைதான் முதலில் முடியும். முடிந்ததும் மருமகள் எனக்குப் போன் செய்து டாக்டர் சொன்னதை அவள் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், நீ எழுதிக் கொடுத்ததை அல்ல, எனக்கு வித்தியாசம் தெரியும்.

மற்ற நாளெல்லாம் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, ஆபீஸ் மேசையில் வைத்துத் தின்னாதே. தூங்கும்போது போனை வேறு அறையில் வை. மருமகளை நான் கோபித்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம் என்று சொல், உன்னைக் காட்டிக்கொடுக்காதவள் என்பதால் எனக்கு அவள்மேல் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், மனதில் பாரம் இல்லாமல், நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ எங்கள் இருவருடைய ஆசியும் என்றும் உண்டு.

புதன்கிழமையை மறக்காதே, வெறும் வயிற்றோடு போக வேண்டும். அன்று நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் வீட்டிலிருந்து செய்தி வராதவரை என் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுது பார்த்தாள், நான் மாறப்போவதில்லை.

இப்படிக்கு,
உன்னை முழுசாகப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா