இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோவில்லை.

நேற்று இந்தப் பேஸ்பால் சிரிப்புப் படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாயிற்று. கதையில் வரும் கோச், அணியிலேயே பலமாக அடிப்பவனைப் பந்தை மெல்லத் தட்டிவிடச் சொல்கிறானாம்!

"தட்டின பந்து கோட்டுக்கு வெளிய உருண்டா அது மூணாவது ஸ்ட்ரைக், அவன் அவுட், சார். எந்தக் கோச்சும் இப்படிச் சொல்லமாட்டான்" என்றேன்.

"காமெடிப் படம்யா! இதையெல்லாம் எவன் கவனிக்கப் போறான்?" என்றார் டைரக்டர்.

"எங்கப்பா கவனிப்பாரு."

செட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

என் பழைய கேட்சர் கையுறையை அனுப்புங்கள். சாயங்காலம் பந்தைச் சுவரில் எறிந்து நானே பிடித்துக்கொள்கிறேன்.

ஸ்டுடியோ வண்டி வந்துவிட்டது. படம் நம் ஊர் டுபியூக்குக்கு வந்தால் போகாதீர்கள், அப்பா. ஆட்ட ஆலோசகர் என்று என் பெயரைத்தான் போடுவார்கள்.

எல்வுட்