நம்ம கதவுல மட்டும் நோட்டீஸ் இல்ல

தண்ணி ஆபீஸ்காரரே,

குழாய்த் தண்ணியில ஈயம் இருந்தா ஒரே நாள்ல எல்லா வீட்டுக்கும் சொல்லியாகணும்னு சட்டமாமே! தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டின மகராசன், சொந்த வீட்டுக் கதவை விட்டுட்டீங்க. நேர்ல சொல்லிக்கலாம்னு நினைச்சிருப்பீங்க. அப்புறம் கோவிச்சுக்கிட்டு உம்முன்னு இருந்ததுல அதுவும் போச்சு. எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுப்புக்குப் பக்கத்துல கேன் தண்ணி இருக்கு, டீ அதுல போடுங்க. கொதிக்க வச்சாலும் ஈயம் போகாதாம். நீங்க எழுதினதுதான்.

மாடிச் சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

பி.கு.: 'கர்ப்பிணிகள் இந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே, அந்த வரி இனிமே நம்ம வீட்டுக்கும்தான். காலையிலதான் உறுதியாச்சு. உங்க சட்டப்படி நான் ஒரே நாள்ல சொல்லிட்டேன்.